கூடத்து மாடி சோலார்: 10 கிலோவாட் வேண்டாமுங்க, 6 போதும்

எல்லாருக்கும் வணக்கமுங்க.

சமுதாயக் கூடத்து மாடியில 10 கிலோவாட் போட்டு, சுத்தியிருக்கிற 40 வீட்டுக்கும் கரண்ட் குடுக்கலாம்னு பேச்சு ஓடுது. எண்ணம் நல்லது. ஆனா கரண்டாப் பங்கு வைக்கப் போனா கையில ஒண்ணும் நிக்காதுங்க. ரோட்டைத் தாண்டி நாமளாக் கம்பி இழுக்க முடியாது. ஒரு மாடியில விளையுற யூனிட்டைப் பல வீட்டு பில்லுல கழிக்க டெல்லியில 2019லயே வழி செஞ்சாங்க. நம்மூர்ல அதை நம்பிப் பணம் இறக்க வேண்டாம். இங்க வீடுகளுக்கு ஒரு அளவு வரை யூனிட் இலவசமாவே வருது. சின்ன வீட்டு பில்லுல குறையறதுக்குப் பெருசா ஒண்ணுமில்லை.

தண்ணியாப் பங்கு வைக்கலாம். கூடத்து இணைப்புலயே 5 எச்பி போர் மோட்டாரும் ஆர்ஓ மெஷினும் ஓடுது. அந்த பில்லு குறைஞ்சா, குடம் தண்ணி விலை எல்லா வீட்டுக்கும் குறையும். மேட்டுப்பாளையம் பக்கத்துல ஓடந்துறை ஊராட்சி 2006ல 350 கிலோவாட் காத்தாலை வாங்குச்சே, அதுலயும் வீட்டுக்கு வீடு கம்பி போகலை. வருமானம்தான் ஊருக்கு வந்துச்சு.

ஏன் 6? கூடத்துது வீட்டு இணைப்பு கிடையாது. அந்த மாதிரி இணைப்புல, மிச்சமாகி மின்வாரிய லைனுக்கு நாம குடுக்கிற யூனிட்டுக்குக் கிடைக்கிற விலை, வாங்குற விலையை விடக் குறைச்சல். அதனால விளையுறதைப் பகல்லயே செலவு பண்ணணும். 1 கிலோவாட்டுக்கு நாளைக்குச் சுமார் 4 யூனிட், ஆக 24. மோட்டார் மணிக்கு 4.5 வீதம் 3 மணி நேரம், ஆர்ஓ மணிக்கு 2 வீதம் 6 மணி நேரம்: 25 யூனிட்டுக்கு ஒட்டி வந்துருது. ரெண்டையும் ஒண்ணா ஓட்டாதீங்க. 11லிருந்து 2 வரை மோட்டார், அதுக்கு முன்னயும் பின்னயும் ஆர்ஓ. டைமர் வச்சுட்டா ஆள் வேண்டாம்.

540 வாட் பேனல் 11, தெக்கு பாத்து 11 டிகிரி சாய்வு. இன்வெர்ட்டர் (பேனல்ல வர்ற டிசியை ஏசி கரண்டா மாத்துற பெட்டி) கண்டிப்பா த்ரீ ஃபேஸ். விலை குறைவுன்னு சிங்கிள் ஃபேஸ் வாங்கினா 26 ஆம்பியர் ஒரே கம்பியில போகும். மாடியிலிருந்து மீட்டர் வரை 60 மீட்டர், 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பின்னா 14 வோல்ட் ஏறும். மத்தியானம் லைனே 245 இருந்தா 259 ஆகி, வோல்ட் அளவு மீறிப்போச்சுன்னு நல்ல வெயில்ல இன்வெர்ட்டர் நின்னுரும். த்ரீ ஃபேஸ்ல அதே கம்பிக்கு ஏறறது 2.4 வோல்ட்தான்.

கரண்ட் போனா இதுவும் நிக்கும். லைன்ல வேலை செய்யற ஆளுக்கு அடிக்கக் கூடாதுன்னுதான் அப்படி. பேட்டரி இல்லாம இரவு வெளிச்சம் வராதுன்னு ஊர்ல முன்கூட்டியே சொல்லிடுங்க.

பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஆடியில பேனலை அடியிலிருந்து தூக்கும். கான்கிரீட் பீடத்து மேலதான் ஸ்டாண்டு நிக்கணும். தட்டோட்டைத் துளைச்சு போல்ட் அடிச்சா ஐப்பசியில கூடம் ஒழுகும். எர்த் மூணு தனித்தனி: டிசி, ஏசி, இடிதாங்கி.

கழுவ ஆர்ஓ கழிவுத் தண்ணியை எடுத்துராதீங்க. போர் தண்ணியை விட அதுல உப்பு அதிகம். கண்ணாடியில வெள்ளையாப் படிஞ்சு போகவே போகாது. மழைத்தண்ணித் தொட்டியிலிருந்து, காலையில வெயில் ஏறுமுன்ன. மயில் எச்சம் காஞ்சு ஒட்டுன இடத்துல செல் சூடேறும், அதை மட்டும் ஊறவச்சுத் துடைக்கணும்.

வீடுகளுக்கான மத்திய அரசு மானியம் கூடத்து இணைப்புக்கு வராது, கணக்குல சேர்க்காதீங்க. கொட்டேஷன் கேக்கறதுக்கு முன்ன, ஊர்ல இருக்கிறவங்க யாராவது 15 நாளைக்குக் காலை 8க்கும் மாலை 5க்கும் கூடத்து மீட்டர் ரீடிங் எடுத்து இங்க போடுங்க. பகல் செலவு 24 யூனிட்டுக்குக் கீழ வந்தா பேனலையும் குறைச்சுக்கலாம்.