புதுப்பிப்பு: துருப்பிடித்த பின்சக்கர வளைவுக்குப் புதுத் தகடு

பழைய காரின் பின்சக்கர வளைவில் துரு தின்ற பகுதிக்குத் தகட்டை நானே அடித்து உருவாக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். தகடு பொருந்திவிட்டது. துத்தநாகம் பூசிய தகட்டைச் சிலர் பரிந்துரைத்தீர்கள். வெல்டிங்கில் அது கக்கும் புகைக்கு நான் தயாரில்லை. 0.9 மி.மீ. சாதாரண எஃகுத் தகட்டையே எடுத்தேன். அட்டையில் அளவு வெட்டி, மணல் பையின்மேல் வைத்துச் சுத்தியலால் குழித்தேன். வளைவு எளிதாகவே வந்தது. விளிம்பு மடிப்புதான் உயிரை வாங்கியது.

இடம் மாற்றி மாற்றிப் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்தேன். ஒரு புள்ளி கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகே அடுத்தது. சூட்டில் சுருங்கிய இணைப்பை, அடியில் இரும்புக் கட்டையைக் கொடுத்துத் தட்டி நீட்டியதும் நெளிவு மறைந்தது. நெளிவைப் பட்டி (மேடுபள்ளத்தை நிரப்பும் பசை) பூசி மறைத்துவிடலாம் என்றவர்களுக்கு: மெல்லிய பூச்சுக்கு மேல் தேவைப்படாது. உட்புறத்துக்குத் துருத் தடுப்பு பிரைமர் அடிப்பதுதான் பாக்கி.