டெல்லி கினாரி பஜார், லக்னோ சௌக்: ஆரி, சிக்கன் எம்பிராய்டரி சாமான் எங்கே, எப்படி வாங்கலாம்?

பட்டுநூல்:
அடுத்த மாசம் டெல்லி, அப்படியே லக்னோ. டெல்லியில் ஜர்தோசி ஸ்பிரிங், நக்ஷி (ரெண்டும் தைக்கிற சுருள் கம்பி), சம்கி, கோட்டா பட்டி (ஜரி ரிப்பன்) வாங்கணும். லக்னோவில் சிக்கன் (அந்த ஊர் கை எம்பிராய்டரி) போட அச்சு மட்டும் குத்தின துணி. மேப்பில் "எம்பிராய்டரி"ன்னு தேடினா கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடைங்கதான் வருது. எந்தத் தெரு, எந்த நாள் போகக் கூடாது, கொஞ்சமா வாங்கினா தருவாங்களா, தரம் எப்படிப் பார்க்கிறது? ஹிந்தி சுமாரா வரும்.

ஊசிமுனை:
மேப்பில் கடையைத் தேடாதீங்க, தெருவைத் தேடுங்க. டெல்லியில் நீங்க போக வேண்டியது கினாரி பஜார். சாந்தினி சௌக் மெயின் ரோட்டில் சீஸ் கஞ்ச் குருத்வாராவைத் தாண்டி, செங்கோட்டைப் பக்கமா வர்ற தெரு தரீபா கலான். வெள்ளி நகைக் கடைகளா இருக்கும். அதுக்குள்ள கொஞ்ச தூரம் நடந்தா வலது கைப் பக்கம் கினாரி பஜார் சந்து பிரியும். மெட்ரோன்னா மஞ்சள் லைனில் சாந்தினி சௌக், இல்லைன்னா வயலட் லைனில் லால் கிலா. மெயின் ரோட்டில் காலை 9 முதல் இரவு 9 வரை கார், ஆட்டோ விட மாட்டாங்க. நடை, இல்லைன்னா சைக்கிள் ரிக்‌ஷா.

ஞாயிறு விடுமுறை. மத்த நாள்லயும் 11 மணிக்கு முன்னாடி போய்ப் பிரயோஜனம் இல்லை. தீபாவளி, கல்யாண சீசன்ல சந்துக்குள்ள நிக்க இடம் இருக்காது; மொத்த வியாபாரிங்களைக் கவனிக்கவே கடைக்காரருக்கு நேரம் சரியா இருக்கும்.

நம்மூர்ல "ஜர்தோசி"ன்னு கேட்டு வாங்குற ஸ்பிரிங்குக்கு அங்கே டப்கான்னு பேரு. பளபளப்பானது சிக்னா, மங்கலானது கோரா. பட்டை தீட்டின மாதிரி மின்னுறது நக்ஷி. சம்கியை சிதாரான்னு கேளுங்க. பேரை நம்புறதை விட, கையில் இருக்கிற மிச்சத் துண்டுகளை ஒரு அட்டையில் தைச்சு எடுத்துட்டுப் போறது மேல். காட்டினா போதும்.

டப்கா, நக்ஷி எல்லாம் எடைக்கணக்கு. சில்லறைக்கும் தர்ற கடைங்க இருக்கு, முதல்லயே "ரீட்டெயில் மே தேங்கே?"ன்னு கேட்டுட்டு உட்காருங்க. கோட்டா பட்டி பெரும்பாலும் முழு ரோலாத்தான் தருவாங்க.

மணிக்காக அங்கே மெனக்கெட வேண்டாம். சென்னை சௌகார்பேட்டையில் கிடைக்காத மணி அங்கே அபூர்வம்.

கண்ணாடிவிரல்:
தரம் பார்க்கிறதைப் பத்தி மட்டும் சொல்றேன்.

டப்காவை இழுத்துப் பார்க்காதீங்க. ஒருமுறை இழுபட்டா சுருள் விரிஞ்சு இடைவெளி விழும், திரும்பச் சேராது, கடைக்காரரும் சும்மா விட மாட்டார். ரெண்டு விரலுக்கு நடுவில் லேசா வளைச்சுப் பாருங்க. வளைவில் சுருளுக்கு நடுவே இடைவெளி தெரியற அளவுக்கு வாய் பிளந்தா அது தளர்வான சுருள். தைச்ச பிறகு பூ இதழ் ஓரத்துல கண்டிப்பா பல்லிளிக்கும். வெட்டின முனையையும் பாருங்க, நசுங்கி இருந்தா ஊசி உள்ளே போகாது.

ஜரி நூலுக்கு நெருப்புதான் சோதனை. ஒரு விரல் நீளம் கேட்டு வாங்கி, வெளியே வந்து பத்த வையுங்க. உருகி கறுப்பு உருண்டையாச்சுன்னா பிளாஸ்டிக் ஜரி. அது கெட்டது இல்லை, விலை குறைவு, கறுக்கவும் கறுக்காது. ஆனா அயர்ன் சூடு ஆகாது. மெட்டல்னா உள்நூல் எரிஞ்சு கம்பி மிஞ்சும். அந்தக் கம்பியைச் சுரண்டினா சிவப்பா தெரியறது செம்பு, கடையில் "டெஸ்டட்"னு சொல்றது இதுதான். அசல் ஜரியில் பட்டு இழை மேல வெள்ளிக் கம்பி, அதுக்கு மேல தங்க முலாம். அது வேணும்னா டெல்லியில் அலையறதை விட சூரத் சரக்கு விக்கிறவங்ககிட்ட எழுத்து பில்லோட வாங்குங்க.

ஒரு பிளவுஸுக்கு வேண்டியதை ஒரே லாட்டில் எடுத்துடுங்க. முலாமோட நிறம் லாட்டுக்கு லாட் மாறும். முதுகு ஒரு தங்கம், கை ஒரு தங்கம்னு ஆயிடும். சந்துக்குள்ள வெயில் படாது, கடை லைட்ல ஆன்டிக் கோல்டும் சாதா கோல்டும் ஒண்ணா தெரியும். வாசலுக்குக் கொண்டு வந்து பார்த்துட்டுப் பணம் குடுங்க.

கோமதிக்கரை:
லக்னோவில் சௌக் பகுதி. ஹஸ்ரத்கஞ்சில் தைத்து முடித்த குர்த்தாக்கள்தான் அதிகம், உங்களுக்கு அது வேண்டாம். சௌக் சந்துகளில் "சபாய்" எங்கே என்று கேளுங்கள்; மரக்கட்டை அச்சால் துணியில் நீலம் (தைக்க வேண்டிய டிசைனைக் காட்டும் நீலச் சாயம்) குத்தித் தருபவர்களைக் காட்டுவார்கள். அச்சு குத்திய துணியாகவும் வாங்கலாம், உங்கள் துணியைக் கொடுத்தும் குத்திக்கொள்ளலாம்.

சொந்தத் துணி என்றால் வீட்டிலேயே அலசிக் கஞ்சியை எடுத்துக் காயவைத்துக் கொண்டுபோங்கள். கஞ்சியோடு இருந்தால் நீலம் சீராகப் பிடிக்காது. வேலை முடிந்து துவைக்கும்போது துணி சுருங்கி, போட்ட தையலைச் சுற்றிச் சுருக்கமும் விழும்.

துணியைத் தையலுக்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள். ஜாலி (வலை போல ஓட்டை விழும் தையல்) போட நினைத்தால் நெசவு தளர்வான மல் துணிதான் (மெல்லிய பருத்தி) சரி. ஜாலியில் இழையை உருவுவதில்லை, ஊசியால் விலக்கி இறுக்குகிறோம். பாப்ளின் போன்ற நெருக்கமான துணியில் ஓட்டை திறக்கவே திறக்காது. பக்கியா, அதாவது பின்பக்கம் போட்டு முன்பக்கம் நிழலாகத் தெரியும் தையல், மெல்லிய துணியில்தான் எடுபடும்.

நீலம் தண்ணீரில் போய்விடும், அதற்காகத்தான் அது. கை வியர்த்தாலும் கலங்கும். டிசைனை உடனே போட்டோ எடுத்து வையுங்கள், அழிந்த இடத்தைப் பென்சிலால் வரைந்துகொள்ளலாம். வேலை முடித்துக் குளிர்ந்த தண்ணீரில் அலசும் வரை அயர்ன் பெட்டியைக் கிட்டே கொண்டுவராதீர்கள்.

பட்டுநூல்:
ரொம்ப நன்றி. ஃபிளைட்ல திரும்பணும். டப்கா நசுங்காம எப்படிக் கொண்டு வர்றது?

ஊசிமுனை:
மூடி போட்ட கெட்டி டப்பாவில், நீளம் குறையாம, மடிக்காம படுக்க வையுங்க. மேல டிஷ்யூ பேப்பர். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீங்க, அதுல இருக்கிற கந்தகம் முலாமைக் கறுக்க வைக்கும். டப்பா கையில் எடுத்துட்டுப் போற பையில். ஆரி ஊசி, கத்தரிக்கோல் மட்டும் செக்‑இன் லக்கேஜ்ல.

கண்ணாடிவிரல்:
கோட்டா பட்டியையும் ரோலாவே விடுங்க, மடிச்சா அந்தக் கோடு அயர்ன் பண்ணாலும் போகாது.