வாக்குத்தத்த வசனமும் அதன் முன்பின்னும்: அனுபவப் பகிர்வு

உபதேசியார்:
ஸ்தோத்திரம். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை (அந்த வருஷத்துக்கான வாக்குறுதியாக ஒரு வேத வசனம் அச்சிட்ட அட்டை) எடுத்து, ஃபிரேம் போட்டு மாட்டிவிடுகிறோம். வருஷம் முழுக்க அந்த ஒரு வரிதான். சபைகளில் அடிக்கடி பார்ப்பது யோபு 8:7: "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்." கடைத் திறப்பு அழைப்பிதழிலும் இதுதான். ஆனால் இதைச் சொன்னது கர்த்தர் அல்ல, யோபின் சிநேகிதனான பில்தாத். மூன்று வசனம் முன்னால், 8:4-இல், பிள்ளைகளை இழந்து உட்கார்ந்திருக்கிற தகப்பனான யோபிடம் அந்தப் பிள்ளைகளின் பாவத்தைப் பற்றிப் பேசுகிறவர். 42:7-இல் கர்த்தர் எலிப்பாசையும் அவனுடைய இரண்டு சிநேகிதரையும் கடிந்துகொள்கிறார். அந்த இருவரில் பில்தாத்தும் ஒருவர்.

வாலிபர் கூட்டத் தம்பி:
அப்படியானால் அட்டையைக் கழற்றிவிட வேண்டுமா ஐயா? 42:12-இல் யோபின் பின்னிலைமையை கர்த்தர் ஆசீர்வதித்தார் என்றும் இருக்கிறதே.

உபதேசியார்:
கழற்ற வேண்டாம் தம்பி. 42:12-ஐயும் பக்கத்தில் எழுதி வையுங்கள். பில்தாத் சொன்னது 'நீர் சுத்தமாயிருந்தால்' என்ற நிபந்தனையோடு. யோபுக்குத் திரும்பக் கிடைத்தது அந்தக் கணக்கில் அல்ல.

வேதபாடக் குழு நடத்தும் அக்கா:
ஒரு வசனம் கையில் வந்தால் நோட்டில் நான்கு கேள்வி எழுதச் சொல்வோம். யார் சொன்னது, யாரிடம், எந்த நிலைமையில், முன்னும் பின்னும் பத்து வசனத்தில் என்ன இருக்கிறது. இருபது நிமிஷம் போதும். எரேமியா 29:11-ஐ எடுங்கள்: "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து போன கடிதம் அது. முந்தின வசனமே எழுபது வருஷம் என்கிறது. 5-ஆம் வசனம் அங்கேயே வீடு கட்டு, தோட்டம் போடு என்கிறது. முந்தின அதிகாரத்தில் அனனியா இரண்டு வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று சொல்லி எல்லாருக்கும் பிரியமாகப் பேசுகிறான். வேலை கிடைக்காதவருக்கு 29:11-ஐ அனுப்பி "இந்த மாதமே" என்று சேர்த்து எழுதுகிறவர்கள், தெரியாமலேயே அனனியா பக்கம் நிற்கிறார்கள். ஒத்துவாக்கிய வேதாகமம் (தொடர்புடைய மற்ற வசனங்களை ஓரத்தில் குறித்திருக்கும் பதிப்பு) இருந்தால் ஓரக் குறிப்புகளையும் பாருங்கள்.

கண்ணை மூடிக்கொண்டு வேதாகமத்தைத் திறந்து, விரல் வைத்த வசனத்தை எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. புத்தகம் அதிகம் பிரித்த இடத்தில்தான் திறக்கும். அதனால்தான் பெரும்பாலும் சங்கீத புத்தகம் வருகிறது.

ஞாயிறு பள்ளி ஆசிரியை:
பிள்ளைகளோடு வாசிக்கும்போது பழைய மொழிபெயர்ப்பின் சொற்கள் இடறும். "அவருடைய கற்பனைகள் பாரமானவைகளுமல்ல" (1 யோவான் 5:3) என்றால், இமாஜினேஷன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அங்கே கற்பனை என்றால் கட்டளை. எபிரெயர் 11:13-இல் 'பரதேசிகள்' வசவு அல்ல, தங்கிப் போகிறவர்கள். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும். ஆனால் மனப்பாடத்துக்குப் பழையதுதான். அந்த ஓசை நாக்கில் நிற்கும்.

வேதபாடக் குழு நடத்தும் அக்கா:
ஒரு வருஷத்தில் முழு வேதாகமம் முடிக்க நினைப்பவர்களுக்குக் கணக்கு: மொத்தம் 1189 அதிகாரம். திங்கள் முதல் சனி வரை தினம் மூன்று, ஞாயிறு ஐந்து என்றால் வாரம் 23. 52 வாரத்தில் 1196. ஏழு அதிகாரம்தான் மிச்சம், அதாவது இரண்டு நாள் விட்டாலே அந்த மிச்சம் ஏறக்குறையத் தீர்ந்துவிடும். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. ஜனவரி கடைசியில் அடுத்த புத்தகமான லேவியராகமத்தின் பலிகளில் கால் வைப்பீர்கள். பெரும்பாலானவர்கள் நிற்கிற இடம் அது. புதிதாகத் தொடங்குகிறவர் மாற்கு சுவிசேஷத்தின் 16 அதிகாரத்தை முதலில் முடிக்கட்டும். கூடவே, தேதிக்கு ஒன்றாக நீதிமொழிகள். 31 அதிகாரம், மாதத்துக்குச் சரி.

வாலிபர் கூட்டத் தம்பி:
26-ஆம் தேதி மாட்டிக்கொள்வோமே அக்கா! 26:4 மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடாதே என்கிறது. 26:5 கொடு என்கிறது.

உபதேசியார்:
இரண்டுக்கும் காரணம் அந்தந்த வசனத்திலேயே இருக்கிறது தம்பி. பதில் சொன்னால் நீயும் அவனைப்போல் ஆவாய், சொல்லாவிட்டால் அவன் தன்னை ஞானி என்று எண்ணுவான். குடும்ப வாட்ஸாப் குழுவில் பதில் தட்டும் முன் இரண்டையும் வாசியுங்கள். அன்றைக்கு எது பொருந்தும் என்பதை நீங்கள்தான் நிதானிக்க வேண்டும்.