ஐரோப்பிய மொழிகளில் எழுத்தின் தலையில் புள்ளி, வளையம்: உங்களுக்கு என்ன நேர்ந்தது?

வடகடல்
டென்மார்க்கில் கிடங்கு வேலை. ஊர்வாரியாக அடுக்கிய பெட்டிகளில் ஆல்போர்க் பெட்டியைத் தேடுகிறேன். இரண்டு ஏ-யில் தொடங்கும் ஊர், முதல் அலமாரியில்தானே இருக்க வேண்டும்? கூட வேலை பார்த்த அம்மா ஒன்றும் பேசாமல் என் சட்டைக் கையைப் பிடித்துக் கடைசி அலமாரிக்கு இழுத்துப் போனார். இசட்டுக்கும் பின்னால் ஆல்போர்க், அதை ஒட்டி ஆர்ஹுஸ். இரண்டு ஏ சேர்ந்தால் அது வளையம் போட்ட ஏ-தானாம், வரிசையில் அதற்குக் கடைசி இடம். அந்த வளையம் அங்கே அதிகாரபூர்வமாக வந்ததே 1948-இல்தான். ஆர்ஹுஸ் 2011-இல் வளையத்தைக் கழற்றிவிட்டுப் பழைய எழுத்துக்கே திரும்பிவிட்டது. பெட்டி மட்டும் இசட்டுக்குப் பின்னாலிருந்து முன்னால் வரவில்லை!

இசார்க்கரை
என் வீட்டுக்காரர் ஜெர்மன்காரர், குடும்பப் பெயர் மியுல்லர். பாஸ்போர்ட்டில் மேலே யு-வின் தலையில் இரண்டு புள்ளி, அடியில் இயந்திரம் படிக்கும் வரியில் புள்ளி போய் யு-வுக்குப் பின்னால் ஒரு ஈ. டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் வெறும் யு-வோடு விட்டுவிட்டார். கவுன்டர் பெண் அடிவரியில் நகத்தை வைத்து ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தினாள். ஈ-யில் நகம் நின்றது. நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள் பாருங்கள், இன்னும் வயிறு கலங்குகிறது. கடைசியில் ஏற்றிவிட்டார்கள், அது வேறு கதை.

ஸ்டாக்ஹோம்வாசி
புள்ளிக்குப் பதில் ஈ போடுவது ஜெர்மன் வழக்கம். அதை எல்லா ஊருக்கும் நீட்டாதீர்கள். ஸ்வீடனில் மொத்தம் 29 எழுத்து, வளையம் போட்ட ஏ, புள்ளி வைத்த ஏ, புள்ளி வைத்த ஓ மூன்றும் கடைசியில் தனித்தனி எழுத்துகள். ஓ-வோடு ஈ சேர்த்து ஒரு படிவத்தைக் கொடுத்தேன், அலுவலர் சிவப்புப் பேனாவால் ஈ-யை அடித்துவிட்டு மேலே இரண்டு புள்ளியைக் குத்தினார். என் கதை அவ்வளவுதான்.

ஆனால் கேளுங்கள்: டிக்கெட்டுக்கு எப்போதும் பாஸ்போர்ட்டின் அடிவரியைப் பார்த்தே பெயர் கொடுங்கள். வங்கி, வாடகை ஒப்பந்தம் என்றால் மேலே உள்ளபடி, குறியோடு. போனில் எழுத்தை அழுத்திப் பிடித்தால் குறிகள் வரும். விண்டோஸில் ஆல்ட்டை அழுத்திக்கொண்டு எண் பலகையில் 0252 அடித்தால் புள்ளி வைத்த யு. பழைய மென்பொருள் எதையாவது விழுங்கினால் திரையைப் படம் எடுத்து வையுங்கள். அப்புறம் பெயரை...

சூரிக் சித்தி
தம்பி, யாரும் டிக்கெட் யோசனை கேட்கவில்லை! கொலோனிலிருந்து வந்த அக்கா மகன் எங்கள் கணினியில் வீட்டுப்பாடம் அடிக்க உட்கார்ந்தான். ஜெர்மன் எஸ்ஸெட் (ß) எழுத்துக்கான விசையைக் காணோம் என்று விசைப்பலகையைத் தலைகீழாகக் கவிழ்த்தே பார்த்துவிட்டான். சுவிஸில் அந்த எழுத்தே கிடையாது, இரண்டு எஸ்தான். “அப்போ நீங்கள் எல்லாரும் தப்பாவா எழுதுறீங்க?” என்று என் மகளிடம் கேட்டான். அவள் போட்ட சண்டை சாப்பாட்டு நேரம் வரை ஓடியது.