‘புஷ்மீட்’, ‘மாற்று வாழ்வாதாரம்’: சொல் வேண்டும்

> புஷ்மீட் (ஆப்பிரிக்காவில் காட்டு விலங்குகளை வேட்டையாடிப் பெறும் இறைச்சி) = புதர் இறைச்சி. அதைக் குறைக்கக் கற்றுத்தரும் தொழில் = மாற்று வாழ்வாதாரம். சரிதானா?

புதர் வேண்டாம் ஐயா. ஆப்பிரிக்க ஆங்கிலத்தில் ‘புஷ்’ என்பது காடு, ‘காட்டிறைச்சி’ போதும். ‘வேட்டை இறைச்சி’ என்றால் துப்பாக்கிதான் நினைவுக்கு வரும். சாம்பியாவின் லுவாங்வா பள்ளத்தாக்கில் கம்பிச் சுருக்கும் அதே அளவு கொடியது. இம்பாலா மானுக்கு வைத்த சுருக்கில் காட்டுநாயும் சிங்கமும் யானையும் சிக்குகின்றன.

எனக்கு உறுத்துவது ‘மாற்று’தான். தேன்பெட்டி கொடுத்ததும் வேட்டை நின்றுவிடும் என்று அந்தச் சொல் நம்பவைக்கிறது. நடப்பது வேறு: தேன் காசு கூடுதல் வரும்படியாகச் சேரும், சுருக்கும் காட்டில் இருக்கும். ஆடு கொடுத்தாலும் இதே கதை. ஆடு அங்குள்ள குடும்பங்களுக்குச் சேமிப்பு. பள்ளிக் கட்டணத்துக்கோ மருத்துவத்துக்கோ விற்பார்கள், குழம்புக்கு அறுக்க மாட்டார்கள். மாடு வளர்க்கலாம் என்றால் செட்சி ஈ பரப்பும் நகானா நோய் விடாது. டிசம்பர் முதல் மார்ச் வரை, சோள அறுவடைக்கு முன், குதிர் காலியாகும். அந்த மாதங்களில் கைக்கு எதுவும் வராத தொழில் வேட்டையை நிறுத்தாது.

லுவாங்வாவில் 2003 முதல் இயங்கும், உழவர்களின் விளைச்சலை வாங்கும் கொமாக்கோ (COMACO) நிறுவனம் வேட்டையை விடுவதையே நிபந்தனையாக்கியது. நாட்டுத் துப்பாக்கியையும் சுருக்குகளையும் ஒப்படைத்தவர்களுக்குப் பயிற்சி. உறுதிமொழி காத்த உழவர் குழுக்களின் நிலக்கடலை, நெல், தேனுக்குக் கூடுதல் விலை. அந்த நிபந்தனை சொல்லிலேயே தெரிய வேண்டும். ‘வேட்டைவிடு தொழில்’ என்று வினைத்தொகையாக வைக்கலாமா?

---

கருத்து சரி. ஆனால் ‘தூதுவிடு’ போல, வேட்டைக்கு அனுப்புவதாகவும் படிக்க இடமிருக்கிறது. ‘வேட்டைதவிர் தொழில்’ என்றால் ஐயமில்லை. நிபந்தனை இல்லாமல் வெறுமனே பெட்டி கொடுக்கும் திட்டங்களைத் ‘துணைத்தொழில்’ என்றே எழுதுவோம்.

தேனீ வளர்ப்புக் கையேட்டை மொழிபெயர்ப்பவர்களுக்கு இன்னொன்று. ‘டாப் பார்’ தேன்பெட்டியை ‘மேல்சட்டப் பெட்டி’ எனலாம். ‘மேல்சட்டகம்’ என்றால் நான்கு பக்கச் சட்டம் என்று தச்சர் நினைப்பார். இதில் இருப்பது தேனீ அடையைத் தொங்கவிடும் ஒற்றைக் குச்சி. அகலம் 32 மில்லிமீட்டர் என்பதையும் விடாமல் எழுதுங்கள். ஐரோப்பியத் தேனீக்கான 35-இல் செய்தால் ஆப்பிரிக்கத் தேனீயின் அடை ஒரு சட்டத்தோடு நிற்காமல் அடுத்ததிலும் ஒட்டிக்கொள்ளும். எடுக்கும்போது அடை உடைந்து தேன் வீணாகும்.

---

ஏற்கிறேன். ஒரு விடுபாடு மட்டும்: மேற்கு ஆப்பிரிக்கச் சந்தைகளில் காட்டிறைச்சி விற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் வேட்டையாடுவதே இல்லை. மீனோ கோழியோ விற்க வைத்தால் அது சரக்கை மாற்றுவதுதான். அவர்களுக்கு மட்டும் ‘மாற்றுத்தொழில்’ என்பதையே வைத்துக்கொள்வோம்.