ஜெரெஜாக் தீவுக்கு அம்மாவோடு ஒரு படகுப் பயணம்

பினாங்குப் பாலத்தில் போகிறவர்களுக்குத் தெற்கே பச்சைக் குன்றாக ஒரு தீவு தெரியும். அதுதான் புலாவ் ஜெரெஜாக். பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் வேலை பார்த்த காலம் முழுக்க அதைப் பார்த்திருக்கிறேன், போனதில்லை. 2005-இல் அம்மாதான், "அங்க ஒரு தடவ என்னைக் கூட்டிட்டுப் போப்பா" என்றார்.

தாத்தா 1937-இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர். ஜார்ஜ்டவுனில் இறங்கி நேரே கெடா தோட்டத்துக்குப் போனார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லையாம். டெக்கில் வந்த கூலிகளை முதலில் ஜெரெஜாக்குக்குக் கொண்டுபோனார்கள். அம்மை, காலரா ஊருக்குள் பரவாமல் இருக்க 1870களிலேயே அங்கே தொற்றுத்தடுப்பு முகாம் வைத்துவிட்டார்கள். உடுத்தியிருந்த துணியை வாங்கி ஆவியில் அவித்து ஈரத்தோடு திருப்பிக் கொடுத்ததைத் தாத்தா கடைசிவரை சொல்வாராம். மலாயாவில் அவர் கால் பட்ட முதல் மண் அதுதான். எனக்கு அது தெரியாமலே நாற்பது வயதாகிவிட்டது.

படகு கரையை விட்டுக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, இறங்கிவிட்டோம். அவ்வளவு கிட்டத்தில் பினாங்குக் கரை. முகாமில் இருந்தவர்களுக்கு ராத்திரியில் எதிர்க்கரை விளக்குகள் தெரிந்திருக்கும். அதை நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அம்மா படகின் விளிம்பைப் பிடித்தபடி, மறு கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டே வந்தார்.

படகோட்டி ஒரு மலாய்க்காரப் பெரியவர். அம்மா தன் தோட்டத்து மலாயில் கதையைச் சொன்னதும் எஞ்சினைக் குறைத்துவிட்டார். அவருடைய அப்பா அந்தத் தீவின் தொழுநோய் மருத்துவமனைக்கு வேலைக்குப் போய் வந்தவராம். 1969-இல் நோயாளிகளைச் சிலாங்கூரில் இருக்கும் சுங்கை பூலோ தொழுநோய் மருத்துவமனைக்கு மாற்றினார்கள். அதே வருஷம் தீவில் சிறை வந்தது, 1993 வரை இருந்தது. அப்புறம்தான் ரிசோர்ட். சிறைக் கதையைத்தான் எல்லாரும் கேட்பார்கள், கப்பலில் வந்தவர்களைப் பற்றி யாரும் கேட்டதில்லை என்றார் அவர். எனக்கு அதுதான் வருத்தம். நம் ஆட்கள் எத்தனை பேர் அந்த வழியாக வந்திருக்கிறார்கள்! வீட்டில் ரஜூலா பேரைச் சொல்கிறோம், தோட்டத்துப் பேரைச் சொல்கிறோம், நடுவில் இருந்த தீவை விட்டுவிடுகிறோம்.

தீவில் பெரிதாக எதையும் நாங்கள் பார்க்கவில்லை. அம்மாவுக்கு முட்டிவலி, காட்டுப் பாதையில் ஏற முடியவில்லை. கரையோரமாகக் கொஞ்சம் நடந்து, ஒரு மரத்தடியில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு மண்ணில் நின்றார். "அப்பா இங்கதான் சோறு பொங்கியிருப்பாரு" என்றார்.

திரும்பும்போது கூலி கொடுக்கப் போனால், அம்மாவுடையதைப் பெரியவர் வாங்க மறுத்துவிட்டார்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது ஜெரெஜாக்கில் இருந்ததாகச் சொல்லியிருந்தால், எத்தனை நாள் இருந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், எதுவானாலும் எழுதுங்கள். அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.