வெளிநாட்டுக்காரரோடு ஒப்பந்தம்: கோர்ட்டா, ஆர்பிட்ரேஷனா?

சரக்குக்காரன்:
சரக்கை எடுத்துக்கொண்டு வெளிநாட்டு வாடிக்கையாளர் பணம் தரவில்லை. ஒப்பந்தப்படி எங்கள் நாட்டு நீதிமன்றத்திலேயே வழக்குப் போட்டு, மூன்று வருடம் அலைந்து எதிர்த்தரப்பு வராமலேயே சொல்லப்படும் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வாங்கினேன். அதோடு அவர்கள் நாட்டு வக்கீலிடம் போனேன். தீர்ப்பைப் பிரிக்கக்கூட இல்லை. "சம்மன் எப்படிச் சார்வு ஆனது?" என்று மட்டும் கேட்டார், அதாவது எதிர்த்தரப்பிடம் முறைப்படி எப்படிக் கொண்டு சேர்த்தீர்கள் என்று. கூரியர் ரசீதை நீட்டினேன். நீதிமன்ற ஆவணங்களை வெளிநாட்டில் சேர்ப்பதற்காக நாடுகள் போட்ட 1965 ஹேக் ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தாலும் தபால் வழிச் சார்வை அந்த நாடு ஏற்கவில்லையாம். அரசு நியமித்த மத்திய அமைப்பு வழியாகத்தான் போயிருக்க வேண்டுமாம். அவ்வளவுதான், தீர்ப்பு அங்கே செல்லுபடியாகவில்லை. இனிப் போடும் ஒப்பந்தங்களில் எனக்கு ஆர்பிட்ரேஷன், அதாவது கோர்ட்டுக்குப் பதில் இருவரும் ஏற்கும் நடுவர் தீர்ப்பு, மட்டும்தான்.

வழக்குமேசை:
உங்கள் வலி புரிகிறது சார். ஆனால் தப்பு நடந்தது சார்வில். ஆர்பிட்ரேஷனிலும் எதிர்த்தரப்புக்கு முறையாக நோட்டீஸ் போகவில்லை என்றால், வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்று நிறைவேற்ற நாடுகள் போட்ட நியூயார்க் ஒப்பந்தத்தின் 5ஆவது பிரிவைக் காட்டி நடுவர் தீர்ப்பை நிறைவேற்ற மறுக்கலாம். மூன்று நடுவர்கள் என்றால் அவர்களின் ஃபீஸையும் தரப்பினரே கட்ட வேண்டும். சிறிய பாக்கிக்கு அது கட்டுப்படியாகுமா?

சரக்குக்காரன்:
ஒரே நடுவர் என்று எழுதினால் போயிற்று. 1958இல் வந்த அந்த ஒப்பந்தத்தில் இன்று 170க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. நீதிமன்றத் தீர்ப்புகளுக்கான 2019 ஹேக் ஒப்பந்தம் 2023 செப்டம்பரில்தான் அமலுக்கே வந்தது, சேர்ந்த நாடுகளும் கொஞ்சம். எதை நம்புவது?

வழக்குமேசை:
யூகோஸ் என்ற ரஷ்ய எண்ணெய் கம்பெனியின் பழைய பங்குதாரர்கள் போட்ட வழக்கைப் பாருங்கள். 2014இல் ரஷ்யாவுக்கு எதிராக 5,000 கோடி டாலர் நடுவர் தீர்ப்பு. 2016இல் நெதர்லாந்தின் ஹேக் மாவட்ட நீதிமன்றம் ரத்து செய்தது, 2020இல் மேல்முறையீட்டில் உயிர் பெற்றது. கடைசியில் எல்லாம் கோர்ட் வாசலுக்குத்தானே வருகிறது?

சரக்குக்காரன்:
அங்கே எதிரி ஓர் அரசு. அரசின் சொத்தில் கை வைக்கவே தனி விலக்குரிமைச் சண்டை (அரசுச் சொத்துக்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பை எதிர்த்து) போட வேண்டும். எனக்கு எதிரி ஒரு கம்பெனி, அதற்கு அங்கே கிடங்கும் வங்கிக் கணக்கும் இருக்கின்றன.

வழக்குமேசை:
சரி, சொத்து அங்கே இருந்தால் உங்கள் கணக்கு நியாயம்தான். ‘சீட்’, அதாவது ஆர்பிட்ரேஷனின் சட்டப்படியான இருப்பிடம், எங்கே என்று எழுதப் போகிறீர்கள்?

சரக்குக்காரன்:
அவர்கள் நாட்டையே கேட்கிறார்கள். இடம்தானே, விட்டுக்கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.

வழக்குமேசை:
விட்டுவிடாதீர்கள் சார்! விசாரணையை எந்த ஊரில் வேண்டுமானாலும் வைக்கலாம். ஆனால் தீர்ப்பை ரத்து செய்யும் அதிகாரம் சீட் இருக்கும் நாட்டு நீதிமன்றத்துக்குத்தான். இருவருக்கும் பொதுவான மூன்றாவது நாடாகப் பாருங்கள். கையெழுத்துக்கு முன் அந்த ஒரு வரியை வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.